சிவசைலம் பிரதர்ஸ் கடைக்கு ஒரு சறுக்கு வாசல்

ஆனி 9, திங்கள்

தை மாதம் மதுரை மொத்த வியாபாரி கொடுத்த டைரி. இத்தனை நாளும் தராசு மேஜையின் ஆடுகிற காலுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. இன்றைக்கு உருவி எடுத்துவிட்டேன். மேஜை ஆடினால் ஆடட்டும். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு, அதுவும் முழுப்பரீட்சை எழுதவில்லை, அம்மை போட்டிருந்தது. பிழை இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ள வேண்டியது. படிக்கப்போவது நான் ஒருத்திதான்.

எழுதிவைக்கிற மாதிரி ஒன்று நடந்தது. நகராட்சியில் இருந்து ஜெசிந்தா என்று ஒரு அதிகாரி வந்தாள். சின்ன வயசுதான். கையில் டேப். எங்கள் பாத்திரக் கடைக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தாள், ஏதோ மலைக்கோயிலைப் பார்க்கிற மாதிரி. எங்க வீட்டுக்காரர் கைலாசம் மேலே நின்றபடி பெருமையாக, அஞ்சு படி மேடம், கீழ ரத வீதியிலேயே உசரமான கடை நம்மதுதான் என்றார்.

அவள் சந்தோஷப்படவில்லை. புது உத்தரவாம். சக்கர நாற்காலியில் வருகிறவரும் எல்லாக் கடைக்குள்ளும் தானே வந்துபோக வாசல் இருக்க வேண்டுமாம். வாசலில் தடுக்குகிற நிலைப்படி கூடாது, கதவு அகலமாக இருக்க வேண்டும், கைப்பிடியை முழங்கையாலேயே தள்ளித் திறக்க வரவேண்டும். ஆடி அஞ்சாம் தேதிக்குள் செய்யாத கடைக்கு லைசன்ஸ் புதுப்பிக்க மாட்டார்கள். ஆடித் தள்ளுபடி நேரத்தில் பூட்டுப் போடுவார்கள்.

இவர் சிரித்தார். "மேடம், நம்ம கடைக்கு அந்த மாதிரி ஆளுக யாரும் வாறதே இல்ல."

ஜெசிந்தா கீழே பார்த்தாள். படிக்குக் கீழே மூணு சக்கர வண்டியில் உட்கார்ந்து, பூதத்தான் ஒரு குடத்தில் பேர் வெட்டிக்கொண்டிருந்தான்.

பூதத்தான் என் கொழுந்தன். இவருக்குச் சித்தப்பா மகன். முழுப்பேர் சங்கிலிபூதத்தான். சின்னதில் வந்த காய்ச்சல் இரண்டு காலையும் கொண்டுபோய்விட்டது. எங்கள் கடை ஜன்னலில் இருந்து வயர் இழுத்து, மெசினை வைத்துப் பாத்திரத்தில் பேர் வெட்டுவான். கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு வாங்குகிறவர்கள், வாங்கிக்கொள்கிறவர் பேரைவிடக் கொடுக்கிறவர் பேர் பெரிதாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அதை அவன் கேட்காமலே செய்துவிடுவான். நல்ல காற்றோட்டமான இடம் அவனுக்கு. உள்ளே எனக்கு வியர்த்து வடிகிறபோது அவனைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும்.

ஆனி 10, செவ்வாய்

சாரல். பூதத்தான் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடினோம். தார்ப்பாய்க்கு உள்ளே இருந்து மெசின் சத்தம் மட்டும் வண்டு மாதிரி வந்துகொண்டிருந்தது. வாங்க வந்த ஒரு அம்மா, உள்ளே என்ன ஓடுகிறது, கிரைண்டரா என்று கேட்டாள். ஆமா, பேர் சொன்னா அரைச்சுக் கொடுக்கும் என்றேன்.

ஆனி 12, வியாழன்

படி எப்படி அஞ்சு ஆனது என்று அன்றைக்குப் போகும்போது ஜெசிந்தா கேட்டாள், அதை எழுதுகிறேன். எங்கள் ஊரில் ரோடு போடுகிறவர்கள் பழைய ரோட்டைத் தோண்டமாட்டார்கள், மேலேயே போடுவார்கள். ஒவ்வொரு தடவையும் ரோடு ஏறும். மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்கக் கடைகளும் ஏறும். என் மாமனார் சிவசைலமும் அவர் தம்பியும், அதாவது பூதத்தானின் அப்பாவும், கடை ஆரம்பித்தபோது ஒரே படிதான். பூதத்தான் சின்னப்பிள்ளையில் அந்தப் படியைக் கையாலேயே தாண்டி, தவழ்ந்து போய், உள்ளே கடைசியில் இருக்கிற கல்லா மெத்தையில் அவன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வானாம். நான் கல்யாணமாகி வந்த புதிதிலும் அப்படி உட்கார்ந்திருப்பான். என்னைப் பார்த்து, புதுப்பெண்ணுக்கு எந்த சைஸ் அண்டா என்று கேட்டான். அன்றைக்கு ஆரம்பித்த வாய்ச்சண்டை இன்றும் முடியவில்லை.

பெரியவர்கள் இருவரும் போனபிறகு படி ஏற ஆரம்பித்தது. ரோடு ஒரு சாண் ஏறினால் எங்க வீட்டுக்காரர் ஒரு முழம் ஏறினார். பழியெல்லாம் ரோட்டுக்கு.

இன்றைக்குக் கொத்தனாரைக் கூட்டிவந்து அளந்தோம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் சரிவு வேண்டுமாம் உத்தரவில். கொத்தனார் எங்கள் வாசலில் இருந்து நூலைப் பிடித்துக்கொண்டு நடந்தார், நடந்தார், தெருவைத் தாண்டினார், எதிரே மைதீன் பாய் செருப்புக் கடைக்குள் போய் நின்றார். சரிவு அங்கேதான் முடிகிறது. பாய் நூலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லதுதான் அண்ணாச்சி, ஒங்க கடையில இருந்து உருளுத ஆளு நேரா நம்ம கடையில வந்து ஒரு சோடி வாங்கிட்டுப் போவட்டும்" என்றார்.

தெருவை மறித்தால் தேர் எப்படிப் போகும் என்று இவர் கேட்டார். தேருக்கும் சக்கரம் உண்டே, சரிவில் ஏறிக் கடைக்குள் வரட்டும் என்றேன். முறைத்தார்.

ஆனி 13, வெள்ளி

வியாபாரம் இல்லை. தோசைக்கரண்டி ஒன்று குறைகிறது.

ஆனி 14, சனி

தோசைக்கரண்டி கிடைத்தது. கடைக் கண்ணாடிக் கதவில் இருக்கிறது. உருண்டைக் கைப்பிடி கூடாது என்று சொன்னார்களே, அதற்காக இவர் வெல்டிங் பட்டறையில் கொடுத்துப் பற்றவைத்துவிட்டார். முழங்கையால் தள்ளினால் கதவு திறக்கத்தான் செய்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் இந்த மாதிரி ஒன்று வேண்டும் என்று கதவைக் காட்டிக் கேட்கிறார்கள்.

படியை இடித்துவிட்டு உள்பக்கமாகவே சரிவு வைக்கலாமே, நம் கடைதான் ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கிறதே என்று கொத்தனார் சொன்னார். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ஆடி பெறக்கப் போகுது. ஆடியில நிலைவாசல்ல கை வைக்கப்படாது. இடிக்கவும் கூடாது, கட்டவும் கூடாது." ஆனி இன்னும் பாதி கிடக்கிறதே என்று கேட்டேன். ஆனிக்குப் பின்னாலேயேதான் ஆடி வருகிறது என்றார். அதை மறுக்க முடியாது.

ஆனி 16, திங்கள்

தெருக் கடைக்காரர்கள் கூடினார்கள். மூளை என்றால் அதுதான் மூளை. யாரும் எதையும் இடிக்க வேண்டாம். பந்தல்காரரிடம் நீளமான பலகை ஒன்று வாடகைக்கு எடுப்பது. எந்தக் கடைக்கு முறையோ அந்தக் கடை வாசலில் சாத்துவது. சக்கர வண்டியில் ஒரு ஆள் உள்ளே போகிற மாதிரி போட்டோ எடுத்து நகராட்சிக்குக் கொடுப்பது. பிறகு பலகை அடுத்த கடைக்கு.

சக்கர வண்டி ஆளுக்கு எங்கே போவது என்று யாரோ கேட்டார்கள். எல்லாரும் எங்கள் படிக்குக் கீழே பார்த்தார்கள். பூதத்தான் மெசினை நிறுத்திவிட்டு, "எந்தக் கடையில என்ன குடுப்பிய?" என்றான்.

ஆனி 19, வியாழன்

பலகை செங்குத்தாக நிற்கிறது. நாலு பேர் பின்னால் தள்ள வேண்டியிருக்கிறது. பூதத்தான் மேலே போய்ச் சேர்ந்ததும் கொடுக்கிற போஸ் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

இன்றைக்கு மருந்துக் கடைக்குப் போய்த் தன் எடையைப் பார்த்துவிட்டு வந்தான். நகைக் கடையில் ஒரு சங்கிலியைக் கழுத்தில் போட்டுப் பார்த்தானாம், சேதாரம் கேட்டானாம், யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டானாம். மிட்டாய்க் கடையில் போட்டோ எடுத்து முடிந்தும் இறங்கவில்லை. தட்டுத் தட்டாகச் சாம்பிள் கேட்டிருக்கிறான்.

பாய் கடையில் பாதி நேரம் இருந்தான். எல்லா ஜோடியையும் எடுத்துக் காட்டச் சொன்னான். ஒமக்கு எதுக்குவே செருப்பு என்று பாய் கேட்டாராம். ஒம்ம கடையில வேற என்ன இருக்கு என்று இவன் கேட்டானாம். கடைசியில் இருவருமாக ஒரு சிவப்பு வார் செருப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். வண்டிக் கைப்பிடியில் தொங்குகிறது.

ஆனி 21, சனி

பூதத்தான் சலூனுக்குள் போய் முடி வெட்டிக்கொண்டு வந்தான். இத்தனை வருஷமும் சலூன்காரர்தான் தெருவுக்கு வந்து வெட்டிவிடுவார். உள்ளே முன்னாலும் பின்னாலும் கண்ணாடி இருக்கிறதல்லவா.

வந்ததும் என்னைக் கூப்பிட்டான். "மயினி, எனக்குப் பின்மண்டையில வழுக்கை விழுந்திருக்கு. இத்தன நாளா ஒருத்தரும் சொல்லலியே."

நான் தினமும் அஞ்சு படிக்கு மேலே நின்றுதான் அவனைப் பார்க்கிறேன். எனக்கு அவன் மண்டைதான் முதலில் தெரியும். சந்திரன் தேய்வதை யாராவது சந்திரனிடம் சொல்வார்களா என்று கேட்டேன். சிரித்தான்.

ஆனி 23, திங்கள்

எல்லாக் கடையும் முடிந்தது. எங்கள் கடை மட்டும் பாக்கி. பலகை வந்து சாத்தியாயிற்று. தள்ள ஆட்கள் வந்தாயிற்று. பூதத்தான் மெசினை நிறுத்தவில்லை. நேரமில்லை என்றான். மத்தியானம் கேட்டதற்குக் கை வலிக்கிறது என்றான். பிறகு, வரமாட்டேன் என்று நேராகவே சொல்லிவிட்டான். இவர் மேலே நின்று கத்தினார். அவன் குடத்தில் வெட்டிக்கொண்டிருந்தான்.

நான் காப்பி எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன். கொழுந்தனாரே, ஊரெல்லாம் விருந்துக்குப் போனீர், நம்ம வீட்டுக்கு மட்டும் பத்திரிகை அடிச்சுக் கூப்பிடணுமோ என்று கேட்டேன்.

காப்பியைக் குடித்துவிட்டுத்தான் பேசினான். "பாய் கடைக்குப் போனேன், கலர் குடிச்சேன், வந்துட்டேன். ஏன்னா அது பாய் கடை. இது யாரு கடைன்னு நீங்க சொல்லுங்க மயினி. அதுக்குத் தக்கன வாறேன். வந்தா எறங்குததுக்கு வரமாட்டேன்."

காப்பி ஆறிப்போகும் குடியும் என்றேன். டம்ளர் காலியாக அவன் கையில் இருந்தது.

மேலே ஏறும்போது போர்டைப் பார்த்தேன். சிவசைலம் பிரதர்ஸ். அதில் புறா எச்சம். துடைக்கச் சொல்ல வேண்டும்.

இரவுச் சாப்பாட்டில் இவர் தானாகவே, என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தார். "ஒருதடவ கல்லாப் பக்கம் வந்து ஒக்காந்தான்னா, பெறவு எழுப்ப முடியாது ஒலகு. நியாயம் பேசுவான்." என்ன நியாயம் என்று கேட்டேன். ரசம் ஊற்று என்றார்.

ஆனி 24, செவ்வாய்

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. சிரிக்கக் கூடாதுதான்.

மருந்துக் கடையில் சக்கர நாற்காலி ஒன்று இரவல் வாங்கி, எங்க வீட்டுக்காரர் தானே அதில் உட்கார்ந்துகொண்டார். அவன் என்ன பெரிய ஆள், போட்டோவில் மூஞ்சியா பார்க்கப் போகிறார்கள் என்றார். சாரல் விழுந்து பலகை ஈரம். சுமை தூக்குகிற இரண்டு பேர் பின்னால் தள்ளினார்கள். உச்சிக்குப் போய்த் தோசைக்கரண்டியில் கை வைத்துவிட்டார். போட்டோ எடுக்கிறேன் என்று ஒருத்தன் செல்லை எடுத்தான். போட்டோவில் விழ வேண்டும் என்று இன்னொருத்தன் முன்னால் வந்து நின்றான். நாற்காலியை யார் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்றால், யாரும் இல்லை.

நூல் பிடித்த அதே பாதை. ஒரு விரல் விலகவில்லை. தெருவைத் தாண்டி, ஒரு ஆட்டோவுக்கு வழிவிடாமல், பாய் கடைக்குள் போய் ரப்பர் செருப்புக் குவியலில் நின்றார்.

பாய் எழுந்து நின்று, "வாங்க அண்ணாச்சி, என்ன சைஸ் பாக்கணும்?" என்றார்.

வலது கணுக்கால் விலகிவிட்டது. அதனால் சைஸ் இப்போதைக்குச் சொல்ல முடியாது.

ஆனி 26, வியாழன்

காலில் கட்டோடு வீட்டில் இருக்கச் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார். கல்லாவை விட்டு இருக்க முடியாதாம். நாற்காலியில் உட்காரவைத்து, சுமை தூக்குகிற இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அஞ்சு படியும் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். சாமி சப்பரம் போகிற மாதிரி இருக்கிறது. பாய் கடையில் நின்றுகொண்டு குலவை போட்டுக் காட்டினார். நான் ஒரு கற்பூரம் ஏற்றலாமா என்று கேட்டேன். மதியம் இறங்கும்போது ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. இவர் ஒரு தடவை கேட்டார், தூக்கினார்கள். சிரமமே இல்லை, சட்டென்று முடிகிற வேலை.

பூதத்தான் கீழே இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். கேலி பேசவில்லை. இன்றைக்கு அவன் வெட்டிய பேரெல்லாம் வழக்கத்தைவிட ஆழம். ஒரு சம்புடத்தில் மறுபக்கம் தெரிகிறது.

ஆனி 29, ஞாயிறு

நாளைக்குக் காலையில் இவர் எலும்புக் கட்டு வைத்தியர் ஊருக்குப் போகிறார். மூன்று நாள் அங்கேயே தங்கிப் பச்சிலைக் கட்டு மாற்ற வேண்டுமாம். கடையைப் பார்த்துக்கொள் என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

கொத்தனாருக்குப் போன் பண்ணினேன்.

ஆனி 30, திங்கள்

இடித்தாயிற்று.

ஆனி 32, புதன்

எழுத நேரமில்லை, மூக்கெல்லாம் சிமெண்டு. அஞ்சு படியும் போய்விட்டது. தெருவில் இருந்து கடைக்குள் நடுவாக்கில் வெட்டிக்கொண்டே போய், கல்லா வரைக்கும் ஒரே சரிவு. கடப்பாக்கல் பதித்திருக்கிறது. இரண்டு பக்கமும் பழைய தரை கரை மாதிரி நிற்கிறது, நடுவில் வாய்க்கால். வாய்க்காலில் தண்ணீர்தான் இல்லை.

நிலைப்படியை அறுத்தெடுக்கும் முன்னால் கொத்தனார் அதைத் தொட்டுக் கும்பிட்டார். லட்சுமி வந்து தங்குகிற இடம் அம்மா என்றார். அவளுக்கும் வயசாகிறது, படியேறாமல் நேராக வரட்டும் என்றேன். கட்டையை மஞ்சள் பூசிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சாத்திவைத்தேன். மனசுக்குள் ஒரு தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதை டைரியில் எழுத வேண்டியதில்லை.

மூன்று நாளும் பூதத்தான் பாய் கடை ஓரமாகப் போய் மெசினை வைத்துக்கொண்டான். இடிப்பதைப் பார்த்தான். உள்ள வந்து பாருமேன் என்று ஒருதடவை கூப்பிட்டேன். "நீங்க கூப்பிட்டா எப்படி மயினி, அண்ணன் கூப்பிடட்டும்" என்றான்.

ஆடி 1, வியாழன்

ஆடி பிறந்தது. இவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். வாசலைப் பார்த்தார். பக்கத்துக் கடையைப் பார்த்தார். போர்டைப் படித்தார். மறுபடியும் வாசலைப் பார்த்தார்.

"எவம்ட்டி இடிச்சது?"

நான்தான் என்றேன். உடனே பழையபடி கட்டு, கொத்தனாரைக் கூப்பிடு என்று குதித்தார், ஒற்றைக் காலில். ஐயையோ, ஆடி பிறந்துவிட்டதே, நிலைவாசலில் கை வைக்கலாமா, குடும்பத்துக்கு ஆகுமா என்று நான் நெஞ்சில் கை வைத்துக் கேட்டேன். பாய் கடையில் யாரோ இருமினார்கள்.

சக்கர நாற்காலியில் உட்காரவைத்து நானே உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். சப்பரம் தேவைப்படவில்லை. ஒரு கை போதும். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். மேலே போய்ச் சேர்ந்ததும், சரிவு அவ்வளவு மோசமில்லை என்று பாத்திரங்களிடம் சொன்னார்.

ஆடி 2, வெள்ளி

ஒரு சங்கடம். உருண்டையான சாமான் எதுவும் வாய்க்காலில் விழுந்தால் நிற்பதில்லை. செம்பு, குடம், இட்லிக் கொப்பரை எல்லாம் கணகணவென்று உருண்டு தெருவுக்குப் போகிறது. இவர் கல்லாவில் இருந்து பிடி பிடி என்று கத்துகிறார். கீழே பூதத்தான் கையை நீட்டிப் பிடித்துவைத்துக்கொள்கிறான். பிடித்த ஒரு குடத்தில் சும்மா இருக்கட்டுமே என்று என் பேரை வெட்டிவிட்டான். அதை இனி விற்க முடியாது.

ஆடி 5, திங்கள்

ஜெசிந்தா வந்தாள். மற்றக் கடைகளின் போட்டோவையெல்லாம் கையில் கொண்டுவந்திருந்தாள். எல்லாவற்றிலும் அதே பலகை, அதே கோடு போட்ட சட்டை, அதே சிரிப்பு. இந்த ஊரில் மொத்தமே ஒருத்தர்தானா என்று தெருவைப் பார்த்துக் கேட்டாள். எல்லாம் செல்லாது, நேரில் பார்த்தால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டாள். தெருவே பலகையைப் பார்த்தது. பலகை பந்தல்காரர் வண்டியில் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் கடைக்கு வந்தாள். டேப் பிடித்தாள், சரி என்றாள். கதவு அகலம் சரி. தோசைக்கரண்டியை முழங்கையால் தள்ளிப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தாள். அதுவும் சரி. ஒருத்தர் சக்கர வண்டியில் உள்ளே வந்து காட்டினால் முடிந்தது என்றாள்.

பூதத்தான் கீழே, பழைய படி இருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஒரு விளக்கில் பேர் வெட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

இவர் கல்லா மெத்தையில், கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு இருந்தார். என்னைப் பார்த்தார். நான் ஒரு டம்ளரைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அதில் அழுக்கு இருந்தது. ஜெசிந்தாவைப் பார்த்து, நீங்க கூப்பிடுங்க மேடம் என்றார். உங்க கடை சார், நீங்கதான் கூப்பிடணும் என்றாள் அவள்.

டம்ளரை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தேன்.

"பூதம்" என்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "உள்ள வா."

பூதத்தான் தலையைத் திருப்பினான். "மெசின் சத்தத்துல கேக்கல."

மெசின் நின்று வெகுநேரமாகியிருந்தது.

"எய்யா, உள்ள வாய்யா" என்றார் எங்க வீட்டுக்காரர். இந்தத் தடவை தெருவுக்கே கேட்டது.

பூதத்தான் விளக்கை மடியில் வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினான். தள்ள வந்தவர்களை நான் கையைக் காட்டி நிறுத்தினேன். கையால் மிதியைச் சுற்றிச் சுற்றி, அவன்பாட்டுக்கு ஏறினான். அவசரமே இல்லை. இந்தப் பக்கம் அடுக்கையெல்லாம் பார்த்தான், அந்தப் பக்கம் அடுக்கையெல்லாம் பார்த்தான். பித்தளைக்கு மேல அலுமினியத்தை எவன் அடுக்குனது என்று ஒரு இடத்தில் கேட்டான். நான்தான், வேணும்னா மாத்தும் என்றேன்.

கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். ஜெசிந்தா போட்டோ எடுத்தாள், கையெழுத்துப் போட்டாள். போதும் சார், நீங்க இறங்கலாம் என்றாள்.

பூதத்தான் பிரேக்கைப் போட்டான். விளக்கை என் கையில் கொடுத்தான். இரண்டு கையையும் மெத்தை விளிம்பில் ஊன்றி, வண்டியில் இருந்து உடம்பைத் தூக்கி மேலே வந்தான்.

"தள்ளி இரிண்ணே."

இவர் அவனைப் பார்த்தார். பிறகு தன் கட்டுப்போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, தள்ளி உட்கார்ந்தார்.